கிணற்றடியில் நான்கு கொடி

"இண்டைக்கு நீங்கள் பயித்தங்காய் சாப்பிட்டீங்களோ?"

ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, சுகம் விசாரிக்காமல், தலையில் போட்ட ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு மனிதன் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பீர்கள்? வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதானே?

போன வியாழக்கிழமை மத்தியானம், எருக்கலம்பிட்டியில், ஜெசீமா டீச்சர் வீட்டு வாசலில் நின்று அப்படிக் கேட்ட மனிதன் நான்தான். வெயில் ஏறியிருந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் ஏறியிருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமே இல்லை... ஆனால் வீட்டில் கட்டளை போட்டாயிற்று. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு எமல்டாவைத் தெரியும். என் மனைவி. ஓய்வுபெற்ற விஞ்ஞான டீச்சர். பென்ஷனுக்குப் போன மறுநாளே மண்வெட்டியைக் கையில் எடுத்தவள். எங்கள் மன்னார் மண் எப்படிப்பட்டது? ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் 'நன்றி' என்றுகூடச் சொல்லாமல் உறிஞ்சிவிட்டு, ஊற்றவே இல்லை என்று சத்தியம் பண்ணும். அந்த மணலில் மாட்டெருவும் சருகும் கொட்டிக் கொட்டி, நாலு வருடத்தில் ஒரு தோட்டம் செய்துவிட்டாள். கத்தரி, வெண்டி, பயற்றங்காய். தெருவில் திரிகிற கழுதைகள் உள்ளே வந்து விருந்துண்ணாமல் இருக்க, சுற்றிவர மீன்பிடிக்காரர் கழித்துவிட்ட பழைய வலை. பயற்றங்கொடி படர்வதற்கும் அதே வலைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதே இடத்தில் அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? 'எங்கள் வளவுக்குள் ஒரு சொட்டு நஞ்சு கிடையாது' என்று ஆரம்பித்தேன். உள்ளிப்பூண்டும் பச்சைமிளகாயும் வேப்பங்கொட்டையும் இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, எமல்டா தயாரிக்கிற கரைசலின் செய்முறையைக்கூடக் கொடுத்தேன். முடிவில், 'நஞ்சு ஊற்றுகிறவன் தன் கோப்பையில்தான் ஊற்றுகிறான்' என்று ஒரு பெரிய வசனம் வேறு!

எத்தனை கடிதம், எத்தனை போன்... வவுனியாவிலிருந்து ஒரு அம்மா எடுத்தார். "ஐயா, உங்கட பத்தியை வெட்டிக் குசினிக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்துத்தான் கரைசல் போடுறன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்து போனது. ஒரு கிழமைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகுதான் அழுக்கணவன் வந்தது.

தோட்டம் செய்கிறவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கை அரிக்கும். கறுப்பாக, கடுகை விடச் சின்னதாக, பயற்றங்கொடியின் குருத்திலும் பிஞ்சிலும் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டு சாறு குடிக்கிற பூச்சி. ஒரு காலையில் பத்து இருக்கும். அடுத்த காலையில் பத்தாயிரம். அதற்குக் காவலாக எறும்புப் பட்டாளம்.

எமல்டா கரைசலை அடித்தாள். மறுநாளும் அடித்தாள். வீடு முழுக்க உள்ளி மணம். ஞாயிறு பூசைக்குப் போனால் என் பக்கத்தில் இருந்தவர் நைசாக எழும்பிப் பின்வரிசை வாங்குக்குப் போய்விட்டார். அழுக்கணவன் மட்டும் இருந்த இடத்திலேயே சுகமாக இருந்தது.

"ஒரு நாளில போகாது. விடாமல் அடிக்க வேணும். ஈரத்துணியால ஒவ்வொரு குருத்தாத் துடைக்க வேணும். பொறுமை வேணும்" என்றாள் எமல்டா.

பொறுமையா? எனக்கா? முப்பது வருடம் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் மற்றவர்களைக் காத்திருக்க வைத்தவனுக்குத் தான் காத்திருக்கிற பழக்கம் எப்படி வரும்?

இதற்கிடையில் திங்கட்கிழமை எமல்டா ஜெசீமா டீச்சருக்குப் போன் எடுத்தாள். ஜெசீமா டீச்சர் அவளோடு பத்து வருடம் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வட்டிலப்பம் வந்தது, நீலப் பூப்போட்ட ஒரு பீங்கான் தட்டில். வட்டிலப்பம் வந்த அன்றே காலி. தட்டு மட்டும் எங்கள் அலுமாரியில் நின்றது.

எங்கள் பக்கத்தில் தட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எங்களைப் போன்ற வேதக்காரர் வீட்டுத் தட்டானாலும் சரி, முஸ்லிம் ஆட்கள் வீட்டுத் தட்டானாலும் சரி, வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது. மார்கழியில் நத்தாருக்குப் பலகாரத்தோடு போனது வேறு எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். வெறுந்தட்டை நீட்டுகிறவளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பதை இங்கே எழுத முடியாது.

"உங்கட தட்டு இஞ்ச நிக்குது டீச்சர், மறக்கேல்ல" என்றாள் எமல்டா போனில். "முதல் ஆயிற பயித்தங்காய் உங்கட பர்ஹானாவுக்குத்தான். மருந்தடிக்காத காய். பிள்ளை பச்சையாயே கடிக்கலாம்."

பர்ஹானா, ஜெசீமா டீச்சரின் மகள். புத்தளத்தில் கலியாணம் கட்டியிருக்கிறாள். தலைப்பிள்ளைப் பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம்.

போனை வைத்துவிட்டு எமல்டா கொடியைப் போய்ப் பார்த்தாள். காய் இருந்தது. காய் முழுக்க அழுக்கணவனும் இருந்தது. அவள் முகம் சுருங்கிப் போனது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை என்பது என் தரப்பு வாதம். முழு உண்மை என்னவென்றால், அன்று காலை வவுனியா அம்மா திரும்பவும் எடுத்திருந்தார். "ஐயா, அடிச்சு அடிச்சுப் பாக்கிறன், பூச்சி சாகுதில்லையே. உங்கட வீட்டில எப்பிடி?" என்று கேட்டார். "எங்கட வீட்டில ஒரு பூச்சி இல்லை அம்மா!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டாமா?

அன்று பின்னேரமே ஸ்கூட்டியில் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைக் கடந்து பாப்பாமோட்டைக்குப் போனேன். அங்கே சூசை இருக்கிறார். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வயலும் செய்கிறார், தோட்டமும் செய்கிறார். அவருடைய மரக்கறி அடம்பன் சந்தைக்கும் போகும், எங்கள் மன்னார்ச் சந்தைக்கும் வரும். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"உள்ளி அடிச்சு அழுக்கணவன் சாகுமோ? அது கறிக்குப் போடுறதெல்லோ?" என்று உள்ளே போய் அரைப் போத்தல் மருந்தோடு வந்தார். "இந்தா. பதினாறு லீற்றர் டாங்கிக்கு ஒரு மூடி. கூட விடாத. அடிச்சா ரெண்டு கிழமைக்கு, முழுசாப் பதினாலு நாள், காயில கை வைக்கப்படாது, விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அதனால் பின்னால் நடந்ததற்கு 'எனக்குத் தெரியாது' என்று நான் தப்ப முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை எமல்டா அந்தோனியார் நவநாள் பூசைக்குப் போனாள். நான் வேலையைத் தொடங்கினேன். முகத்துக்கு ஹெல்மெட். கைக்கு இரண்டு ஷொப்பிங் பை. எமல்டா கரைசல் அடிக்கிற அதே விசிறு போத்தல், ஒன்றரை லீற்றர். பதினாறுக்கு ஒரு மூடி என்றால் ஒன்றரைக்கு எவ்வளவு? கணக்குப் பார்த்தேன்... மூடியில் ஒரு துளி மாதிரி வந்தது. இவ்வளவுதானா? பூச்சி சிரிக்காதா? முழு மூடியையும் விட்டேன்.

மன்னார்க் காற்றைப் பற்றி எழுதினால் தனிப்பத்தி வேண்டும். நான் கொடிக்கு அடித்ததில் பாதி எனக்கே திரும்பி வந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் மருந்து பொட்டுப் பொட்டாக நின்றது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதை நின்று, தலையைச் சரித்து, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தது. பூவில் இருந்த ஒரு தேனீ பொத்தென்று மணலில் விழுந்து சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு என்னவோ செய்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் கையை நிறுத்தவில்லை.

பிறகு விசிறு போத்தலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு தரம் குளித்தேன். சூசை தந்த போத்தலை, எமல்டா மார்கழி வரை திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில், ஸ்டோர் ரூமில் நத்தாருக்கு வைக்கிற பாலன்குடில் சிலைப் பெட்டிக்குள், மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பொன், தூபம், வெள்ளைப்போளத்தோடு இப்போது பூச்சிமருந்தும்!

புதன்கிழமை காலை கொடியில் ஒரு அழுக்கணவன் உயிரோடு இல்லை.

"பாத்தீங்களே!" என்றாள் எமல்டா. "என்ர கரைசல் வேலை செய்திட்டுது. நான் சொன்னனான்தானே, பொறுமை வேணுமெண்டு? இதையும் ஒருக்கா உங்கட பத்தியில எழுதுங்கோ."

"ஓம்... எழுதத்தான் வேணும்" என்றேன்.

"வவுனியா அம்மாவுக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"முகம் ஏன் ஒருமாதிரி இருக்கு?"

"வெக்கை."

இனி என் வேலை இரண்டு கிழமைக்குக் கொடியிலிருந்து ஒரு காயையும் ஆயவிடாமல் காப்பது. "உதெல்லாத்தையும் விதைக்கு விடுவமே?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "பாப்பம்" என்றாள். அவள் 'பாப்பம்' என்றால் பல அர்த்தம். நான் எனக்குச் சாதகமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை தலைமயிர் வெட்டப் போனேன். சலூனில் நாலு பேர். ஒருவர், "சேர், உங்கட நஞ்சில்லாத் தோட்டம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு மணித்தியாலம். மண்புழுவில் தொடங்கி மனித குலத்தின் எதிர்காலம் வரை பேசிவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்து வளவைப் பார்க்கிறேன்...

வலை வெறும் வலையாக நின்றது. ஒரு காய் இல்லை. ஒரு பிஞ்சுகூட இல்லை.

"எமல்டா! காயெல்லாம் எங்க?"

"ஆய்ஞ்சிட்டன்" என்றாள் குசினிக்குள்ளிருந்து. "ஜெசீமா டீச்சருக்குத் தட்டுப் போயிட்டுது. ஓட்டோக்காரத் தம்பியிட்டக் குடுத்து விட்டனான். ஏன்?"

ஏன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் வாயைத் திறந்து, 'எமல்டா, நான் மருந்தடிச்சிட்டன், உடன போன் எடு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன்? கௌரவம்! அவளிடம் சொல்லாமலே போய்க் காயைத் திருப்பி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் போடுகிற கணக்கின் தரம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"எங்க போறீங்கள்?"

"பெற்றோல் அடிக்க."

"பவுத்திரமாப் போய் வாங்கோ" என்றாள்.

எருக்கலம்பிட்டிக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனால் அன்று ரோட்டின் நடுவில் ஏழெட்டுக் கழுதைகள் மாநாடு நடத்திக்கொண்டிருந்தன. ஹோர்ன் அடித்தேன். ஒன்று திரும்பிப் பார்த்தது. எங்கள் வேலியில் நின்ற அதே கழுதையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். 'அந்தோனியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரே, அந்தப் பிள்ளை வாயில் வைக்க முந்தி அந்தக் காயைக் கண்டுபிடித்துத் தாரும்' என்று வாய்விட்டு மன்றாடினேன். அவருடைய நவநாள் நேரத்தில்தானே மருந்தடித்தேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. எந்த முகத்தோடு கேட்கிறது?

இப்படியாகத்தான், வாசகர்களே, ஹெல்மெட்டோடு அந்த வாசலில் போய் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"வாங்கோ அண்ணன், உள்ள வாங்கோ" என்றார் ஜெசீமா டீச்சர். "பயித்தங்காயோ? வந்தது, வந்தது. நீங்கள் இந்த வெயிலுக்க இதைக் கேக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை டீச்சர்... அதை ஒருக்காத் திருப்பித் தாறீங்களோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மனிதனை அந்த வீடு இதுவரை கண்டிருக்காது.

"போட்டோ எடுக்க வேணும்" என்றேன். "பத்திரிகைக்கு. கேட்டிருக்கினம்."

உள்ளே போய்த் தட்டைக் கொண்டு வந்தார். நீலப் பூக்கள் தெளிவாகத் தெரிந்தன. அதன் மேல் ஆறே ஆறு காய்.

"மிச்சம்...?"

"மகள்தான்!" என்று சிரித்தார். "அவவுக்கு இப்ப கறி, சோறு ஒண்டும் இறங்குதில்ல. எமல்டா டீச்சர் பச்சையாயே குடுக்கலாமெண்டு சொன்னவதானே? தட்டைக் கண்டவுடன இருந்து கறுக்கு கறுக்கெண்டு கடிச்சிட்டா."

பக்கத்தில் இருந்த கதிரையில் விழுந்தேன். ஹெல்மெட் இன்னும் தலையில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பர்ஹானாவே வெளியில் வந்தாள். கையில் இன்னுமொரு பாதிக் காய்.

"பிள்ளை," என்றேன். "உனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி, தலைச்சுத்து ஏதும் இருக்கோ?"

"ஓம் அங்கிள். ஒரே சத்திதான். தலையும் சுத்துது."

"ஐயோ மாதாவே! எப்ப தொடக்கம்?"

"மூணாம் மாசம் தொடக்கம்" என்றாள்.

சிரிக்கிறீர்களா? நான் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த பாதிக் காயைத்தான் பார்த்தேன். நான் வளர்த்த பெயர், குசினிக் கதவில் ஒட்டிய பத்தி, சலூனில் பேசிய பேச்சு, எல்லாம் அந்த வயிற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. எழும்பிப் போய் அந்தக் காயைப் பறித்தேன்.

"சாப்பிடாத பிள்ளை! டீச்சர்... நான் அதுக்கு மருந்தடிச்சனான். செவ்வாய்க்கிழமை. எமல்டாவுக்குத் தெரியாது. அளவுக்கு மேலயும் அடிச்சிட்டன். பிள்ளையை உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம், எழும்புங்கோ!"

ஜெசீமா டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. "யா அல்லாஹ்!" என்றார். "என்ன அண்ணன் சொல்லுறீங்கள்? மருந்தோ?" பர்ஹானா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

டீச்சர் உடனே எமல்டாவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை —

"அவர் சொல்லிட்டாரோ?" என்றது எமல்டாவின் குரல். "தன்ர வாயாலயோ?"

நாங்கள் மூவரும் போனைப் பார்த்தோம்.

"டீச்சர், பயப்பிடாதேங்கோ. அந்தக் காய் இல்லை இது. எங்கட காயெல்லாத்தையும் பிடுங்கிக் கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டன். உங்களுக்கு அனுப்பினது காலமை சந்தையில வாங்கினது."

"உ... உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசம்," என்றாள் எமல்டா. "இந்த வீட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினீங்களோ? செவ்வாய்க்கிழமை வந்து பாக்கிறன், என்ர விசிறு போத்தல் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிட்டுக் கிடக்குது. அப்பவே தெரியும். பிறகு தேடினன். மூண்டு ராசாக்களுக்குப் பின்னால நாலாவது ஆள் நிக்கிறார்!"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"சொல்லுவீங்கள், சொல்லுவீங்கள் எண்டு ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தனான். கரைசலைப் புகழ்ந்தும் பாத்தன். 'வெக்கை' எண்டீங்கள். இண்டைக்கு 'பெற்றோல்' எண்டீங்கள். சரி, அங்க போயாவது சொல்லுறாரோ பாப்பமெண்டு விட்டன்."

ஜெசீமா டீச்சர் நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆனால் டீச்சர் என்றால் டீச்சர்தான். மூச்சு வந்ததும் கேள்வியும் வந்தது.

"அது சரி எமல்டா டீச்சர்... சந்தைக்காய் எண்டா, 'மருந்தடிக்காதது, பச்சையாயே கடிக்கலாம்' எண்டு சொன்னீங்களே?"

முப்பத்தொரு வருடத்தில் எமல்டா தடுமாறிப் பேசியதை நான் முதல்தரம் கேட்டேன்.

"அது... திங்கக்கிழமை சொன்னது டீச்சர்" என்றாள். "இண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லேல்ல. வெறுந்தட்டு அனுப்ப மனம் வரேல்ல... இவரையும் காட்டிக் குடுக்க மனம் வரேல்ல." பிறகு குரல் மாறியது. "ஆரிட்ட வாங்கினனான் எண்டு கேளுங்கோ. சூசை அண்ணரின்ர காய். தெரிஞ்ச மனுசன்தானே எண்டு..."

சூசையா! நான் பாய்ந்து என் போனை எடுத்து அவருக்கு அடித்தேன்.

"மச்சான், இண்டைக்கு மன்னாருக்கு அனுப்பின பயித்தங்காய்க்கு மருந்து அடிச்சனியோ?"

"அடிக்காமல்?" என்றார் சூசை. "புழு விழுந்த காயை உங்கட டவுன் சனம் கையால தொடுமோ? உனக்குத் தந்தது அதில மிச்சம்தானே."

"எப்ப அடிச்சனி?"

"அது... நாள் பாத்துத்தான் ஆயிறனாங்கள். ஒண்டு ரெண்டு நாள் முன்னப் பின்ன வரும். சந்தைக்கு ஆள் வந்து நிண்டால் என்ன செய்யிறது? கழுவிச் சமைச்சால் ஒண்டும் செய்யாது."

"உன்ர வீட்டிலயும் உதைத்தான் சாப்பிடுறனீங்களோ?"

"சீச்சீ!" என்றார் சூசை, நான் அவரை அவமானப்படுத்திவிட்ட மாதிரி. "வீட்டுக்குக் கிணத்தடியில வேற நாலு கொடி நிக்குது. பேரப்பிள்ளையள் தின்னுறதெல்லோ? அதுக்கு ஒண்டும் அடிக்கிறேல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? போனை வைத்தேன்.

இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற மிட்வைஃப் மிஸ்ஸைக் கூப்பிட்டோம். வந்தார். பிரஷர் பார்த்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். "பிள்ளை உள்ளுக்க நல்லா உதைச்சு விளையாடுது" என்றார். பர்ஹானாவுக்குச் சின்ன ஏச்சுக் கிடைத்தது. "எந்தக் காயெண்டாலும் நல்லாக் கழுவி அவிச்சுச் சாப்பிடு. வழமைக்கு மாறா ஏதும் செய்தா உடன ஆசுப்பத்திரிக்கு வரவேணும், யோசிக்கப்படாது." பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் அந்த நஞ்சில்லாத் தோட்டம் எழுதின சேர்தானே? நானும் அதைப் பாத்துத்தான் கத்தரிக்கு உள்ளி அடிக்கிறன். நல்ல சேர்!"

இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். எமல்டா கதவடியில் நின்றாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. "முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ" என்றாள். பிறகு சோறு போட்டாள். பருப்பும் மீனும் மட்டும். பயற்றங்காய் இல்லை.

தண்டனை மறுநாள் காலையில் அறிவிக்கப்பட்டது. இனி ஒவ்வொரு விடியலும், ஈரத்துணியும் சவர்க்காரத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, புதிதாய் வருகிற ஒவ்வொரு குருத்தையும் நான் துடைக்க வேண்டும். துடைக்கிறேன். பழைய கூட்டம் செத்தால் என்ன, புதுக் கூட்டம் வந்துவிட்டது. கழுதையும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. சூசையின் போத்தல் பாப்பாமோட்டைக்கே திரும்பிப் போனது. தனியாகப் போகவில்லை. ஒன்றை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எமல்டாவுக்கு இல்லையே... கூடவே ஒரு போத்தல் உள்ளிக் கரைசலும் போனது. அது சந்தைக் கொடிக்கு என்று சீட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.

இரண்டாவது தண்டனைதான் இந்தப் பத்தி. "முதல் எழுதின இடத்திலயே இதையும் எழுத வேணும். ஒண்டும் மறைக்கப்படாது. நான் சந்தைக்காய் அனுப்பினதையும் எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன். வவுனியா அம்மா, கதவில் ஒட்டியதைக் கிழிக்க வேண்டாம். கரைசல் நல்லதுதான், பொய் சொன்னது நான்தான். பக்கத்தில் இதையும் ஒட்டிவிடுங்கள்.

சூசையின் மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. விற்கிறதற்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி, என்ன மனுசன் இவன் என்று. மூன்றாம் நாள் குருத்துத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கோபம் போய்விட்டது. அவர் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு மருந்தடித்ததை வெளியில் அனுப்பினார்.

நான் நல்லதைப் பத்தியில் எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டு, மருந்தடித்ததை வீட்டில் ஒளித்து வைத்தேன்!